ஊடலா, பிரிவா?

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் ஆராதனை. எட்டு மாதம் அந்த ஞாயிறுகளில் எல்லாம் நான் கார் நிறுத்துமிடத்தில் நின்றேன். பளபளக்கும் மஞ்சள் மேல்சட்டை, கையில் வாக்கிடாக்கி, தலைக்கு மேல் வெயில். "யாருக்குங்க இந்த மனசு வரும்? ஆராதனையக்கூட விட்டுட்டு நிக்கிறாரே" என்று செயற்குழுவில் ஒருவர் பாராட்டினார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே ஓர் ஒலிபெருக்கி உண்டு. பாவ அறிக்கையின் முணுமுணுப்பு கேட்கும், பிறகு பாட்டு, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. ஆட்கள் வரிசையாகப் போய்க் கிராதியருகே முழங்கால் போடும் நேரம் அது. திராட்சரசம் குடித்த சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்களைத் தட்டில் திருப்பிப் போடும்போது ஒரு சத்தம் வரும், கோழிக்குஞ்சுகள் தரையைக் கொத்துவதுபோல. கடைசியில் போதகர் ஆசீர்வாதம் கூறுவார்: "...பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியமும் உங்களனைவரோடுங்கூட இருப்பதாக." அதற்குள் யாராவது அவசரக்காரர் காரை எடுக்க வந்திருப்பார். கதவு சாத்தும் சத்தத்தில் ஆமென் எனக்குக் கேட்காது.

நான் அங்கே நின்றதற்குக் காரணம் நம்பர்.

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் நாலு நம்பர் என்பது சட்டப்படி நடக்கிற குலுக்கு. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். புதன், சனி, ஞாயிறு மாலை குலுக்கல். ஒவ்வொன்றிலும் 23 எண்களுக்குப் பரிசு. விபத்தில் நசுங்கிய காரின் எண், கனவில் வந்த எண், குடிபோன அடுக்குமாடி புளோக்கின் எண் என்று எதையும் எழுதிப் பணம் கட்டுவார்கள். என் அப்பா இறந்த வாரம், அவர் படுத்திருந்த வார்டு எண்ணையும் கட்டில் எண்ணையும் ஒட்டி நாலு இலக்கமாக்கி, "எழுதிப் பாருங்கண்ணே" என்றார் கூட வேலை பார்க்கும் ஒருவர். துக்கவீட்டுக்காரன் செய்கிற காரியமா? செய்தேன். ஆறுதல் பரிசு விழுந்தது. 1 வெள்ளிக்கு 60 வெள்ளி (டாலரை இங்கே வெள்ளி என்போம்). அந்தப் பரிசுக்கு அப்படியொரு பெயர் வைத்தவர் யாரோ!

2005-இல் இங்கே காசினோ கட்ட அரசாங்கம் முடிவெடுத்தபோது திருச்சபைகள் வேண்டாம் என்று குரல் கொடுத்தன. வாலிபர் கூட்டத்தில் எழுந்து நின்று காரசாரமாகப் பேசியவர்களில் நானும் ஒருவன். அதே நான், கார் நிறுத்துமிடத்தில் நின்ற இந்த எட்டே மாதத்தில், மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கென்று போட்டுவைத்த கணக்கிலிருந்து 7,400 வெள்ளியைக் கரைத்திருந்தேன். 1 வெள்ளிக்கு நம்பர் வாங்கினால் பாவமா என்று கேட்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. மனைவிக்குத் தெரியாமல் பிள்ளையின் பணத்தை எடுத்தது பாவம். அதில் வாதம் இல்லை. அதை வைத்துக்கொண்டு கிராதியருகே முழங்கால் போட எனக்கு முகமில்லை.

ஜெபம் ஒரே நாளில் நின்றுபோகவில்லை. முதலில் நீளம் குறைந்தது. பிறகு பொதுவாகிப்போனது: உலக சமாதானம், நாட்டுத் தலைவர்கள், சபையின் கட்டட நிதி. என்னைப் பற்றிய வரி வந்தால் நாக்கு தானாகவே சுற்றிப் போய்விடும். கடைசியில் சாப்பாட்டு ஜெபம் மட்டும் மிஞ்சியது, பிள்ளைகள் பார்க்கிறார்களே. "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று 32ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்வதை வாலிப வயதில் கவிதை என்று நினைத்திருந்தேன். எலும்பு உண்மையாகவே காய்கிறது. இரவு இரண்டு மணிக்கு, சமையலறை விளக்கைப் போடாமல் தண்ணீர் குடிக்கிறவனுக்கு அது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர், சார்டின் சேண்ட்விச், பிளாஸ்டிக் நாற்காலிகள், வேதத்தில் 1 யோவான் நிருபத்தின் முதல் அதிகாரம். தொடக்கக் கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் சாதாரணமாகக் கேட்டான்: "அங்கிள், விசுவாசி பாவம் செஞ்சா தேவனோட இருக்கிற ஐக்கியம் அறுந்திடுமா?" என் கையில் தேநீர்த் தட்டு. அதைக் கீழே வைக்க இடம் தேடுகிறவன்போல அறையைச் சுற்றி வந்தேன்.

எங்கள் பெரியவர் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். சகோதர சபையில் வளர்ந்து பிறகு எங்களோடு சேர்ந்தவர். அவருக்கு இதில் தயக்கமே கிடையாது. "உறவு வேற தம்பி, ஐக்கியம் வேற. பிள்ளை பிள்ளைதான், அது அறாது. ஆனா பாவம் வந்தா பேச்சுவார்த்தை நின்னுபோகும். அறிக்கை பண்ணினா திரும்ப வரும்." யோவான் 13-இல் பேதுருவின் கால்களை இயேசு கழுவுவதைக் காட்டினார். முழுகினவன் கால்களை மாத்திரம் கழுவினால் போதும். முழுக்கு ஒருமுறை, கால் கழுவுவது தினமும். என் தலைமுறைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர் இந்தப் பாடத்தில்தான் வளர்ந்தோம். கேட்க நன்றாக இருக்கும்; ஆனால் அது எனக்கு எப்போதும் மின்கட்டணம்போலத் தோன்றும். கட்டாவிட்டால் வெட்டு, கட்டினால் இணைப்பு. ஒரு நாளில் எத்தனை தடவை வெட்டு, எத்தனை தடவை இணைப்பு? எனக்கே தெரியாத பாவங்களின் கணக்கு என்ன?

இன்னொரு குரல், ஆங்கில சபைக்கும் போய்வருகிற ஓர் இளம் தம்பதியுடையது. "அதெல்லாம் சிலுவையிலேயே முடிஞ்சதுண்ணே. மன்னிக்கப்பட்டதை எதுக்குத் திரும்பத் திரும்பக் கேக்கணும்?" இதை உலகமெல்லாம் கேட்கும்படி பேசுகிறவர் எங்கள் ஊர்க்காரர்தான், நியூ கிரியேஷன் சபையின் ஜோசப் பிரின்ஸ். புவன விஸ்தாவில் ஐயாயிரம் இருக்கை கொண்ட அரங்கில் அவருடைய சபை கூடுகிறது. பாவத்தை அறிக்கையிடச் சொல்லும் 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதப்பட்டதல்ல, தங்களிடம் பாவமே இல்லை என்ற ஞானவாதிகள் என்னும் அந்தக் காலப் பிரிவினருக்கு எழுதப்பட்டது என்பது அவர் விளக்கம். குற்ற உணர்வில் நொறுங்கிய பலரை அந்தப் போதனை நிமிர்த்தியிருக்கிறது, அதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆனாலும் வசனம் இடம் கொடுக்கவில்லை. அந்த வரியில் யோவான் "நாம்" என்கிறார், தன்னையும் சேர்த்துக்கொண்டு. அடுத்த மூச்சிலேயே "என் பிள்ளைகளே" என்று அழைக்கிறார். வெளியாட்களை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

என் வேலையிடத்தில் ஒரு கத்தோலிக்கத் தம்பி உண்டு. ஒப்பீர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-இல் கட்டிய லூர்து மாதா ஆலயத்துக்குப் போகிறவர். அவரிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன், நண்பர் ஒருவருக்காகக் கேட்பதுபோல. அவர்களுக்குச் சாவான பாவம், அற்பப் பாவம் என்று பிரிவு உண்டு. அற்பப் பாவம் ஐக்கியத்தைக் காயப்படுத்தும். சாவான பாவம் அறுக்கும். அறுந்தால் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவ அறிக்கை, செய்துவிட்டுத்தான் நன்மை வாங்கலாம்; திருவிருந்தை அவர்கள் நன்மை என்பார்கள். "உங்க நண்பர்கிட்ட சொல்லுங்கண்ணே, எங்க பக்கம் பெட்டி இருக்கு, சாமியார் இருக்காரு, சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடலாம்." எனக்கு அன்றைக்குப் பொறாமையாக இருந்தது. எங்களுக்குப் பெட்டி கிடையாது. நேரே சொல்லலாம் என்பது எங்கள் பெருமை. நேரே சொல்லலாம் என்பதாலேயே யாரிடமும் சொல்லாமல் எட்டு மாதம் ஓட்டலாம்.

நாங்கள் மெதடிஸ்டுகள். எங்கள் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1763-இல் எழுதிய பிரசங்கம் ஒன்றில், விசுவாசியிடம் பாவம் இருக்கிறது, ஆனால் அது ஆளவில்லை என்கிறார். அதே வெஸ்லி, விசுவாசி முற்றாக விழுந்துபோகவும் முடியும் என்று நம்பியவர். ஆகவே "பிள்ளை பிள்ளைதான்" என்ற பெரியவரின் மெத்தை எனக்கு இல்லை. என்னிடம் இருப்பது மீந்திருக்கும் பாவமா, ஆளும் பாவமா? புதன்கிழமை மாலை ஆறரை மணிக்கு முடிவு வருகிறவரை வேலையில் கண் ஓடாதவனுக்கு அந்தக் கேள்வி புத்தகக் கேள்வி அல்ல.

சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. திட்டம் போட்டுச் சொல்லவில்லை. மகள் தன் அறையில். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணக்கின் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, மடித்த துணிகளுக்கு நடுவில் வைத்தேன். அவள் பார்த்தாள். விரலால் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இதுக்குத்தான் கார் பார்க்ல நின்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பணத்தைப் பற்றி முதலில் கேட்பாள் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு பதினொரு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பதினொரு நாளைப் பற்றித்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். காலையில் தேநீர் இருக்கும், மேசையின் என் பக்கத்தில். வைக்கிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதல். என் சட்டைகள் தேய்க்கப்படவில்லை, ஆனால் துவைக்கப்பட்டிருந்தன. மகள் வழியாகச் செய்தி வரும்: "அப்பாகிட்ட மின்தூக்கி பழுதுன்னு சொல்லு." நான் இரண்டடியில் நிற்பேன். படுக்கையில் முதுகு. அந்த முதுகு அழும்போது தெரியும்.

அவள் பேசாமல் இருந்தாள், ஆனால் போய்விடவில்லை. அந்த எட்டு மாதத்திலோ அவளோடு நான் தினமும் பேசிச் சிரித்தேன், ஈரச்சந்தைக்குப் போய்வந்தேன், போகவேண்டிய கல்யாணங்களுக்கெல்லாம் போனேன். நடுவில் ஒன்றுமே இல்லை.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறதே என்று ஏழாம் நாளோ எட்டாம் நாளோ உறைத்தது. பள்ளியில் தமிழாசிரியர் ஐந்து திணைகளை நடத்தும்போது, பாலைக்குப் பிரிதல், மருதத்துக்கு ஊடல் என்று மனப்பாடம் செய்தோம். பிரிந்தவனுக்கும் அவளுக்கும் நடுவே காடு இருக்கிறது. ஊடலில் நடுவே இருப்பது ஒரு கதவுதான். ஊட வேண்டுமானால் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். தெருவில் போகிறவளிடம் யாரும் ஊடுவதில்லை. அந்தப் பையன் கேட்டானே, அறுந்திடுமா என்று. அவன் கேள்வியில் பிரிவு மட்டும்தான் இருந்தது, ஊடல் இல்லை. பெரியவரின் பதிலிலும் இல்லை, தம்பதியின் பதிலிலும் இல்லை. அறுந்தது, அறவில்லை என்ற இரண்டுக்குள்ளேயே நாங்கள் சுற்றிக்கொண்டிருந்தோம்.

1646-இல் லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் கூடிய போதகர்கள் எழுதி முடித்த விசுவாச அறிக்கையின் 11ஆம் அதிகாரம் இதற்குக் கிட்டே வருகிறது. நீதிமானாக்கப்பட்டவர்கள் அந்த நிலையிலிருந்து விழமாட்டார்கள்; ஆனால் தங்கள் பாவத்தினால் தேவனுடைய தகப்பனுக்குரிய வருத்தத்துக்கு ஆளாகலாம், தங்களைத் தாழ்த்தி அறிக்கையிடும்வரை அவருடைய முகத்தின் ஒளி திரும்பாமல் இருக்கலாம் என்கிறார்கள். முதல் பாதியை வெஸ்லி ஒத்துக்கொள்ள மாட்டார். பிற்பாதியில் எனக்கு ஒரு நிம்மதி. வருத்தப்படுவதற்கு அங்கே ஒருவர் இருக்கிறார். ஆவியானவரைத் "துக்கப்படுத்தாதிருங்கள்" என்று பவுல் எபேசியருக்கு எழுதுவதும் அதுதானே. போய்விட்டவரைத் துக்கப்படுத்த முடியாது.

மருதப் பாட்டுகளில் வாயில் என்று ஒருவர் வருவார். தப்பு செய்த தலைவன் நேரே உள்ளே நுழைய முகமில்லாமல் பாணனையோ தோழியையோ தூதாக அனுப்புவான். அவருக்கு வாயில் என்று பெயர். தலைவி விட்டால் விடுவாள், மறுத்தால் மறுப்பாள். அறிக்கையிடச் சொன்ன கையோடு யோவான் எழுதுவதை இதோடு வைத்துப் பாருங்கள்: "ஒருவன் பாவஞ்செய்வானானால் நீதிபரராயிருக்கிற இயேசுகிறிஸ்து நமக்காகப் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவராயிருக்கிறார்." இங்கே வாயிலை அனுப்பியது நான் அல்ல. யாருக்குத் துரோகம் செய்தேனோ அவரே என் பக்கத்துக்குப் பேச ஆள் வைத்திருக்கிறார். எந்தப் புலவரும் பாடாத ஊடல் இது. தேவனைத் தலைவியின் இடத்தில் வைப்பதா என்று முகம் சுளிக்கிறவர்கள் ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை ஒருமுறை படிக்கலாம். அங்கே துரோகம் செய்கிறவள் மனைவி, காத்திருக்கிறவர் கர்த்தர்.

ஏசாயா 59:2 மட்டும் எனக்கு நீண்ட நாள் தொண்டையில் முள். "உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது." ஊடல் அல்ல, பிரிவினை. இதை மழுப்ப முடியாது. கீழே படித்தால் யாரைச் சொல்கிறார் என்பது தெரியும்: கைகளில் இரத்தக்கறை, வழக்கிலே பொய், நியாயம் பின்வாங்கி நிற்கிறது. செய்ததற்காக வெட்கப்படாமல் ஆராதனை நடத்துகிற ஒரு ஜனம். மஞ்சள் சட்டைக்காரனுக்கும் அதில் பங்கு உண்டு. அதே அதிகாரத்தின் 16ஆம் வசனத்தை வேதபாடத்தில் யாரும் எனக்குக் காட்டியதில்லை: விண்ணப்பம்பண்ணுகிறவன் ஒருவனும் இல்லையென்று கண்டு அவர் ஆச்சரியப்பட்டார், ஆதலால் அவருடைய புயமே இரட்சிக்க வந்தது. வாயிலாக வர ஆளில்லை என்றதும் அவரே எழுந்து வருகிறார்.

ஐக்கியம் என்ற சொல்லை நாங்கள் தேய்த்துவிட்டோம் என்றும் சொல்ல வேண்டும். வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம், ஆராதனைக்குப் பிறகு மீகூனும் கோப்பியும். கிரேக்கத்தில் அது கொய்னோனியா. அப்போஸ்தலர் 2:42-இல் அதே சொல்லைத் தமிழில் "அந்நியோந்நியம்" என்று போட்டிருக்கிறார்கள், எவ்வளவு அழகு. ஆனால் எனக்குப் பிடித்த இடம் லூக்கா 5. யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் "கூட்டாளிகள்" என்று வருகிறதே, அந்தக் கூட்டாளி அதே வேரிலிருந்து வந்த சொல். இந்த ஊரிலும் மலேசியாவிலும் நண்பனைக் கூட்டாளி என்றுதான் சொல்வோம். அங்கே அது படகுத் தொழிலில் பங்காளி. வலையும் மீனும் நட்டமும் பொது. பாரம்பரியம் சொல்கிறபடி இந்த யோவான்தான் பிற்காலத்தில் நிருபத்தை எழுதியவர் என்றால், ஐக்கியம் என்று எழுதும்போது அவர் மூக்கில் மீன் வாடை அடித்திருக்க வேண்டும்.

அந்தக் காட்சியில் வலை கிழிகிற அளவு மீனைப் பார்த்ததும் பேதுரு சொல்வது: "ஆண்டவரே, நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்." பேதுருவின் சித்தாந்தம் என் சித்தாந்தம்தான். பாவம் இருந்தால் அவர் போக வேண்டும், அல்லது நான் கார் நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டும். இயேசு அதை மறுக்கவில்லை, நீ பாவி அல்ல என்று சமாதானம் சொல்லவும் இல்லை. "பயப்படாதே" என்று சொல்லி வேலை கொடுக்கிறார். படகிலிருந்து இறங்கவும் இல்லை.

இப்படிப் பார்த்தபோதுதான் 1 யோவான் 1:7 சரியாக வாசிக்கக் கிடைத்தது. ஒளியிலே நடந்தால் ஐக்கியப்பட்டிருப்போம், இயேசுவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கிச் சுத்திகரிக்கும். ஒளியில் நடப்பவனுக்குச் சுத்திகரிப்பு எதற்கு, அழுக்கு இல்லையென்றால்? ஐக்கியமும் அழுக்கும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. இருளில் நடப்பது என்பது அழுக்காயிருப்பது அல்ல, விளக்கைப் போடாமல் தண்ணீர் குடிப்பது. அதற்காகப் பாவம் செய்தால் உறவில் ருசி கூடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். "கூடாதே" என்று ரோமர் 6-இல் பவுல் கையை ஓங்குவார். ஊடல் உப்பு மாதிரி, கொஞ்சம் நீண்டாலும் கரித்துவிடும் என்று வள்ளுவரும் 1302ஆம் குறளில் எச்சரித்திருக்கிறார்.

என் உவமை ஒரு காலில் நொண்டுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மனைவிக்குத் தெரியாததை அவளிடம் சொன்னேன். தேவனுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லவில்லை. பதினொரு நாளில் அவள் இளைத்துப்போனாள். அவளுக்கு நான் வைத்த செலவு பணக்கணக்கில் வராது. 7,400 வெள்ளியில் இதுவரை 1,900 திரும்பப் போட்டிருக்கிறேன், கூடுதல் நேர வேலை செய்து. மகளிடமும் சொன்னேன். அது இன்னொரு கதை, எழுதும் உரிமை அவளுடையது.

பன்னிரண்டாம் நாள் முதல் ஞாயிறு. மஞ்சள் சட்டையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். கிராதியில் அவள் எனக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாள், இன்னும் பேசாமல். கிண்ணத்தைத் தட்டில் போட்டபோது அந்தக் கோழிக்குஞ்சுச் சத்தம். கிட்டத்தில் கேட்டால் அது அவ்வளவு மெல்லிய சத்தம் அல்ல. வெளியே வந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது, "வீட்ல பால் இல்ல" என்றாள்.

இன்று புதன்கிழமை. இதை எழுதி முடிக்கும்போது மணி ஆறு பத்து. புளோக்கின் கீழே நம்பர் எழுதும் அந்தக் கடை இருக்கிறது, வரிசையும் இருக்கும். சமையலறைக்குப் போய், "இன்னைக்குக் காலு அந்தப் பக்கமே இழுக்குது" என்று அவளிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வெங்காயம் உரிங்க," என்றாள். "நாலு."